அம்மா ரூம் பீரோவுக்குப் பின்னாடி திரும்பத் திரும்பப் பூசணம்: மழைக்காலத்துல இல்ல, வெயில்காலத்துல மட்டும் ஏன்?

அலைவாய்க்கரை | மே 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

திருவான்மியூர்ல இருக்கோம். கடற்கரைக்கு நடந்தா அஞ்சு நிமிஷம். ரெண்டாவது மாடி. எங்க பெட்ரூமும் அம்மா ரூமும் ஒட்டினாப்ல இருக்கு, நடுவுல ஒரே சுவர். எங்க ரூம்ல ஏசி உண்டு. அம்மாவுக்கு ஏசி ஒத்துக்காது, முட்டி பிடிச்சுக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சு, ஃபேன் போட்டுத்தான் படுப்பாங்க. அவங்க பீரோ அந்த நடுச் சுவர்ல ஒட்டி இருக்கு.

போன ஜூன்ல பீரோவை நகர்த்தினப்போ பின்னாடி சுவர் பூரா கருப்பும் பச்சையுமா பூசணம். பெயின்டரைக் கூப்பிட்டோம். சுரண்டி, பட்டி பார்த்து, பூசணம் வராத பெயின்ட்னு சொல்லி ரெண்டு கோட் அடிச்சுட்டுப் போனார். நவம்பர், டிசம்பர் மழை முழுக்க ஒரு புள்ளிகூட வரல. சரியாயிடுச்சுன்னே நினைச்சோம். ஏப்ரல் கடைசில திரும்ப ஆரம்பிச்சது. மறுபடி பெயின்ட். இப்போ கத்திரி பாதிகூடத் தாண்டல, அதுக்குள்ள புதுப் பெயின்ட் மேலயே புள்ளி புள்ளியா வந்தாச்சு.

இந்த வாரம் பீரோவைத் திறந்தா அம்மாவோட கல்யாணப் பட்டு, அரக்கு கலர், 1979ல காஞ்சிபுரத்துல எடுத்தது, மடிப்போரம் எல்லாம் வெள்ளையா பூத்திருக்கு. அம்மா ஒண்ணும் சொல்லல. மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. அதைப் பார்த்துட்டு என்னால சும்மா இருக்க முடியல.

மேல்மாடிலேருந்து கசிவு இல்லன்னு பிளம்பர் பார்த்துட்டார். மழைல வராதது வெயில்ல ஏன் வருது? அந்தப் புடவையை என்ன பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

வடபழனிவாசி | மே 14, இரவு 10.15

காத்தோட்டம் இல்லாததுதான் காரணம்மா. பகல், ராத்திரி எந்நேரமும் ஜன்னலைத் திறந்து வைங்க. பீரோல கற்பூரம், வசம்பு, காய்ஞ்ச வேப்பிலை போட்டு வைங்க. வாரம் ஒரு தடவை சாம்பிராணி காட்டுங்க. எங்க வீட்ல நாப்பது வருஷமா இதைத்தான் செய்யறோம்.

—

கொத்தனார் பேரன் | மே 15, காலை 6.50

வணக்கம் மேடம். தாத்தா கொத்தனார், அப்பா மேஸ்திரி, நான் சின்னச் சின்னக் கட்டட வேலை எடுத்துச் செய்யறேன். மருந்து சொல்றதுக்கு முன்னாடி தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்க்கணும். சுவர்ல ஈரம் வர பெரும்பாலும் மூணு வழி உண்டு.

தரையிலேருந்து ஏறுற ஓதம்னா கீழே ரெண்டு மூணு அடி உயரத்துக்குள்ள இருக்கும், பூச்சு உப்பிப் பொரிஞ்சு வரும். ரெண்டாவது மாடில அதுக்கு வழியே இல்ல. குழாய்க் கசிவுன்னா ஒரு இடத்துல ஆரம்பிச்சு வட்டம் போட்டு விரியும், ஓரத்துல பழுப்பா கோடு கட்டும். மூணாவது, காத்துல இருக்கிற ஈரமே சுவர்ல வந்து படியறது. அதுக்கு ஓரமும் இருக்காது, வட்டமும் இருக்காது. பீரோ பின்னாடி, கட்டில் தலைமாட்டுல, மூலைல, காலண்டர் தொங்கற இடத்துல புள்ளி புள்ளியா வரும்.

ரெண்டு சோதனை பண்ணிப் பாருங்க. வெள்ளையா பூத்த இடத்துல ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க. கரைஞ்சு போச்சுன்னா அது சுவர் உப்பு, பூசணம் இல்ல. அடுத்து, பீரோவை நகர்த்திட்டு ஒரு முழ பாலிதீன் தாளைச் சுவர்ல வெச்சு, நாலு ஓரமும் காத்து புகாம டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் ஈரம் கட்டினா தண்ணி சுவருக்குள்ள இருக்கு. வெளிப்பக்கம் நனைஞ்சிருந்தா காத்துலேருந்து வருது.

அதுவரைக்கும் பெயின்ட் டப்பாவைத் தொடாதீங்க. பூசணத்து மேல பெயின்ட் அடிக்கறது அழுக்குச் சட்டை மேல புதுச் சட்டை போடற மாதிரி.

—

குளிர்சாதனம் | மே 15, காலை 11.05

மேடம், நான் ஏசி சர்வீஸ்ல பதினெட்டு வருஷமா இருக்கேன். ஒரே கேள்வி. உங்க ரூம் ஏசி ராத்திரி எத்தனைல ஓடுது? எத்தனை டன்? ரூம் அளவு என்ன?

—

அலைவாய்க்கரை | மே 17, இரவு 8.30

பாலிதீன் தாளோட வெளிப்பக்கம் நனைஞ்சிருக்கு! விடிகாலை அஞ்சு மணிக்குப் பார்த்தேன், விரல் வெச்சா விரல் ஈரமாகுது. உள்பக்கம் காய்ஞ்சே இருக்கு. சுவர்ல இருக்கிற பூசணம் தண்ணில கரையல.

குளிர்சாதனம் சார், ஏசி 18ல ஓடுது. அவர் பகல் பூரா வெளியே வேலை, வந்ததும் 18 வெச்சாதான் தூக்கம் வரும். ஒன்றரை டன். எங்க ரூம் பத்துக்குப் பதினொண்ணு, அம்மா ரூமும் அதே அளவுதான்.

—

கொத்தனார் பேரன் | மே 17, இரவு 9.55

பிடிபட்டுச்சு மேடம். உங்க சுவருக்கு வியர்க்குது.

ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த தண்ணிச் சொம்பை மேசைல வெச்சா வெளியே முத்து முத்தா நிக்குமே, அதேதான். சொம்பு கசியல, காத்துல இருந்த நீர்தான் சில்லுன்னு இருக்கிற உலோகத்துல படிஞ்சது. உங்க நடுச் சுவர் நாலரை இஞ்ச் செங்கல்லாதான் இருக்கும். ஒரு பக்கம் ராத்திரி முழுக்க ஏசி குளிர், இந்தப் பக்கம் திறந்த ஜன்னல் வழியா கடல் காத்து. குளிர் சுவரைத் தாண்டி அம்மா ரூமுக்கு வருது, அந்த ஈரக் காத்து அது மேல வந்து படியுது.

கணக்காவும் சொல்றேன். 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கிற காத்துல ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 24 கிராம் தண்ணி இருக்கும். அம்மா ரூம் அளவுக்குப் பார்த்தா முக்கால் லிட்டர் தண்ணி கண்ணுக்குத் தெரியாம நிக்குது, ஜன்னல் வழியா வந்துக்கிட்டே வேற இருக்கு. இந்தக் காத்து ஏறக்குறைய 26 டிகிரிக்குக் குளிர்ந்தா நீரை விட்டுடும். அதைத்தான் பனிப்புள்ளின்னு சொல்றாங்க. 26ன்னா நமக்குக் குளிரே இல்ல, ஆனா இந்தக் காத்துக்கு அது போதும்.

சுவர் முழுக்க வராம பீரோ பின்னாடி மட்டும் ஏன்? வெறும் சுவரை ரூம் காத்து தொட்டுத் தொட்டுச் சூடாக்கிடும். பீரோ பின்னாடி காத்து ஓடாது, சுவர் குளிர்ந்தபடியே கிடக்கும். இன்னொண்ணையும் சேர்த்துச் சொல்லணும். சொட்டுச் சொட்டா நனைஞ்சாதான் பூசணம் வரும்னு இல்ல. சுவரை ஒட்டின காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல நாள்கணக்குல நின்னாலே போதும், பெயின்ட் மேல இருக்கிற தூசியைத் தின்னு வளரும்.

மழைல ஏன் வரலன்னு கேட்டீங்க. டிசம்பர்ல ஏசி போட்டீங்களா?

—

அலைவாய்க்கரை | மே 17, இரவு 10.10

இல்ல. நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் ஏசியைத் தொடவே இல்ல!

அப்போ இத்தனை நாள் எங்க ரூம் குளிர்தான் அம்மா புடவையை அழிச்சிருக்கு. படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு.

—

வடபழனிவாசி | மே 18, காலை 7.20

தம்பி சொல்றது படிக்கப் புரியுது. ஆனா ஜன்னலைத் திறக்கறது தப்புன்ற மாதிரி சொல்றீங்களே, அதை என்னால ஏத்துக்க முடியல. நாங்க பொறந்து வளர்ந்தது நாகப்பட்டினம் பக்கம், கடல் ஓரம்தான். வீட்ல ஜன்னலை மூடினதே கிடையாது. பூசணம்னா ஊறுகாய் ஜாடிலதான் பார்த்திருக்கோம்.

—

கொத்தனார் பேரன் | மே 18, காலை 8.45

ஐயா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா அந்த வீடு வேற. ஓட்டுக் கூரை, முற்றம், சுண்ணாம்புச் சுவர், முக்கியமா ஏசி கிடையாது. வீட்டுக்குள்ள எந்த இடமும் வெளிக்காத்தைவிடப் பெருசா குளிர்ந்து இருக்காது, அதனால ஈரம் படிய இடமே இல்ல.

சுண்ணாம்பு பத்தியும் சொல்லணும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சோமே, அது அழகுக்கு மட்டும் இல்ல. நீத்துன சுண்ணாம்பு கடும் காரம், பூசணம் அது மேல முளைக்காது. நாளாக நாளாகக் காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து அந்தக் காரம் குறைஞ்சுடும். வருஷா வருஷம் புதுசா அடிச்சதுல காரமும் புதுசாச்சு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தா விட்டுடும். இப்போ நாம அதே சுவர்ல பட்டி பூசி, பிளாஸ்டிக் மாதிரி எமல்ஷன் அடிக்கிறோம். ஈரம் உள்ளேயும் போகாம வெளியேயும் போகாம மேல் தோல்லயே நிக்குது.

ஜன்னலை எப்பவும் மூடச் சொல்லல ஐயா. எந்த நேரத்துல எந்தக் காத்து வருதுன்னு பார்த்துத் திறக்கணும். மே கடைசி, ஜூன்ல சென்னைல காலைல மேல்காத்து அடிக்கும். மேற்கேருந்து வர்ற அந்தக் காத்து அனல், ஆனா காய்ஞ்சது. நடுப்பகலுக்கு மேல கடல் காத்து திரும்பும். உடம்புக்குச் சுகமா இருக்கும், அதுல தண்ணி நிறைஞ்சு இருக்கும். வெயில் ஏறினதுக்கு அப்புறம், கடல் காத்து வர்றதுக்கு முன்னாடி, காலை ஒன்பதரைலேருந்து பன்னிரண்டுக்குள்ள எல்லா ஜன்னலையும் பீரோ கதவையும் திறந்து விட்டா வீடே காயும். சாயங்காலம் கடல் காத்து வாங்கணும்னா வாங்குங்க, ஆனா பீரோவைத் திறந்து வைக்காதீங்க.

—

யாழ் முற்றம் | மே 18, பிற்பகல் 2.30

இந்தக் காத்துக் கதை எங்கட பக்கமும் உண்டு. அம்மம்மா பெட்டகம் திறந்து உடுப்பு காயப் போடுறதெண்டால் சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, பலமா வீசத் தொடங்கின பிறகு, நல்லா வெயில் ஏறின நேரம்தான். "காத்துப் பார்த்துக் காயப் போடு" எண்டு சொல்லுவா. அப்ப விளங்கேல்லை. இப்ப கொழும்பில ஃபிளாட்டில இருக்கிறம், வருசம் முழுக்கப் புழுக்கம். சப்பாத்து, தோல் பெல்ட், பிள்ளையின்ர மிருதங்கத் தோல் எல்லாத்திலயும் பூஞ்சணம். ஆரும் அதுக்கு வழி சொல்லுவியளோ?

—

காஞ்சித் தறி | மே 18, இரவு 9.15

தங்கச்சி, புடவை பத்தி மட்டும் நான் சொல்றேன். எங்க வீட்ல மூணு தலைமுறையா தறி ஓடுது.

முதல்ல, அந்தப் புடவைல தண்ணியோ வினிகரோ சோப்போ எதுவும் படக் கூடாது. ஸ்பிரே கிஸ்பிரே எதுவும் அடிச்சுடாதீங்க. அரக்குச் சாயம் அந்தக் காலத்துப் புடவைல ஓடறதுக்கு வாய்ப்பு உண்டு. ஓடிச்சுன்னா சரிகைல ஏறிடும், அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.

மொட்டை மாடில நிழல் இருக்கிற இடமாப் பார்த்து, காய்ஞ்ச காத்து அடிக்கிற நேரத்துல, வெள்ளைத் துணி விரிச்சு அது மேல புடவையைப் பிரிச்சுப் போடுங்க. நேர் வெயில் வேண்டாம், பட்டு நார் இத்துடும். மூக்கு, வாயைக் கட்டிக்கங்க. நல்லா காய்ஞ்சதும் மெத்துன்னு இருக்கிற பருத்தித் துணியால இழை ஓடற பக்கமா மெல்ல ஒத்தி ஒத்தித் தட்டுங்க. தேய்க்காதீங்க, தேய்ச்சா பூசணம் நாருக்குள்ள போயிடும். வீட்டுக்குள்ள தட்டவே தட்டாதீங்க, அடுத்த புடவைல போய் உக்காரும். வெள்ளையா பவுடர் மாதிரி இருந்தது மேலாகத்தான் இருக்கும், பெரும்பாலும் வந்துடும். மஞ்சளாவோ பழுப்பாவோ கறை தங்கினா பட்டு துவைச்சுப் பழகின டிரை கிளீனர்கிட்ட "இது பூசணக் கறை"ன்னு சொல்லியே கொடுங்க.

இனிமே பிளாஸ்டிக் கவர் வேண்டாம். ஜிப் வெச்ச கவர் பார்க்க அழகு, ஆனா உள்ள போன ஈரம் வெளியே வராது. கடைல கொடுத்த அட்டைப் பெட்டியும் வேண்டாம், அட்டை ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். நாலஞ்சு தடவை துவைச்சுக் கஞ்சி போன பழைய வேட்டி இருக்கும் பாருங்க, அதுல சுத்தி வைங்க. கஞ்சி போட்ட துணி கூடாது, அந்த மாவே பூசணத்துக்குச் சோறு. அந்துருண்டை போட்டா தனித் துணில முடிஞ்சு ஓரமா வைங்க, சரிகைல படக் கூடாது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சு மடிப்பை மாத்துங்க. அதே மடிப்புல வருஷக்கணக்கா இருந்தா அந்தக் கோட்டுலயே கிழியும்.

ஒரு தடவை கட்டிட்டு அவுத்த உடனே மடிச்சு உள்ள வைக்காதீங்க. வேர்வை காயணும். ஒரு ராத்திரி கொடில நிழல்ல தொங்கட்டும்.

1979 புடவைன்னா பழைய முறைப்படி வெள்ளிச் சரிகையாத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். பத்திரம் தங்கச்சி.

—

அலைவாய்க்கரை | மே 18, இரவு 9.50

அண்ணா, படிச்சுக் காட்டினேன் அம்மாவுக்கு. அந்த வேட்டி விஷயம் கேட்டதும் அப்பாவோட பழைய வேட்டியை எடுத்து வெச்சுட்டாங்க. நாளைக்குக் காலைல மாடிக்குப் போறோம்.

இன்னொரு பயம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. சுவர்ல இருக்கிற இந்தக் கருப்புப் பூசணமும் 2021ல எல்லாரும் பயந்த "கருப்புப் பூஞ்சை"யும் ஒண்ணா? பக்கத்து வீட்டு அக்கா அப்படிச் சொல்லிட்டாங்க, ராத்திரி தூக்கமே வரல.

—

மருந்துச்சீட்டு | மே 19, காலை 6.20

அலைவாய்க்கரை, நிம்மதியாகத் தூங்குங்கள். இரண்டும் ஒன்றல்ல. நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர்.

2021இல் பார்த்தது மியூகார்மைகோசிஸ். அந்தப் பூஞ்சை வகை மண்ணிலும் அழுகும் பொருளிலும் எங்கும் உண்டு. கட்டுக்கடங்காத சர்க்கரையும், கொரோனாவுக்காகக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தி விழுந்துபோனவர்களைத்தான் அது பெரும்பாலும் தாக்கியது. "கருப்பு" என்ற பெயர், அது தாக்கிய சதை கருகிப்போவதால் வந்தது. உங்கள் சுவரில் இருப்பது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற சாதாரண வீட்டுப் பூஞ்சைகள். நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. என்ன வகை என்று பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கவும் வேண்டாம், எந்த வகையானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

அதற்காக அலட்சியமும் கூடாது. பூஞ்சைத் துகள் மூச்சில் போனால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடும். என்னிடம் வரும் குழந்தைகளில், இரவில் மட்டும் இருமல் என்று சொல்பவர்களிடம் கட்டில் எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது என்று கேட்பேன். புற்றுநோய் மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்று செய்தவர், நாள்பட ஸ்டீராய்டு எடுப்பவர் வீட்டில் இருந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் நுரையீரலையே தாக்கக்கூடும். அவர்கள் சுத்தம் செய்யும்போது அந்த அறையில் இருக்கவே கூடாது. அம்மாவின் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கட்டும், சுவர் கழுவும் அன்று அவர் வேறு அறையில் இருக்கட்டும். வேறு கவலை வேண்டாம்.

கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி. ஃபேனை நிறுத்துங்கள், அறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறங்கள். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டக் கூடாது, முதலில் நனைக்க வேண்டும். துணி சோப்புத் தூள் கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, சுத்தத் தண்ணீரில் மறுபடி துடைத்து, அன்றே முழுதாக உலர்த்துங்கள். எது நனைந்தாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பூஞ்சை காலூன்றாது.

கடைசியாக, இதைத் தயவுசெய்து எல்லோரும் படியுங்கள். நம் வீடுகளில் பாத்ரூம் கழுவ ஆசிட் இருக்கும், பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர் நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும். வினிகரோடு சேர்த்தாலும் வரும். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்த்தால் வேறொரு நச்சு வாயு. மூடிய குளியலறையில் இப்படிக் கலந்து மூச்சுத்திணறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூச்சுச் சுவருக்கு பிளீச் தேவையே இல்லை. டைல்ஸுக்கு வேண்டுமானால் தனியாக, ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

—

கொத்தனார் பேரன் | மே 19, காலை 8.00

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். வினிகரைச் சுண்ணாம்புச் சுவர்லயும் சிமென்ட் பூச்சுலயும் அடிக்காதீங்க, புளிப்பு அதை அரிச்சுடும். பூசணம் தெரியக் கூடாதுன்னு ஸ்பாஞ்சு வால்பேப்பர், பிவிசி பேனல் ஒட்டறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். பின்னாடி காத்து இன்னும் குறையும், சுவர் இன்னும் குளிரும். போன வருஷம் ஒரு வீட்ல பேனலைக் கழட்டினேன், பின்னாடி பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருந்தது. அதுக்குக் கீழ கட்டில்ல படுத்திருந்தது மூணு வயசுக் குழந்தை.

—

குளிர்சாதனம் | மே 19, இரவு 10.40

வேலை முடிஞ்சு இப்போதான் உக்காந்தேன். ஏசி பக்கம் சொல்றேன்.

18 வேண்டாம் மேடம். சாரை 26க்குக் கொண்டு வாங்க, கூடவே சீலிங் ஃபேன் போடுங்க. உடனே ஒத்துக்க மாட்டார், ரெண்டு நாளைக்கு ஒரு டிகிரியா ஏத்துங்க. 2020 ஜனவரிலேருந்து ஸ்டார் போட்ட ரூம் ஏசி எல்லாம் ஆன் பண்ணா 24ல ஆரம்பிக்கணும்னு அரசாங்க விதியே இருக்கு, 18க்கு இறக்கறது நாமதான். ஒரு டிகிரி ஏத்தினா கரண்ட் சுமார் 6 சதவீதம் மிச்சம்னும் அவங்களே சொல்றாங்க. உங்களுக்கு அதைவிடப் பெரிசு, அம்மா பக்கத்துச் சுவர் குளிராது.

ஏசி காத்து அந்த நடுச் சுவர்ல நேரா அடிக்குதான்னு பாருங்க. அடிச்சா ஸ்விங்கைத் திருப்பி விடுங்க. பைப் போற ஓட்டையைச் சுத்தி இடைவெளி இருந்தா அடைங்க, வெளி ஈரம் அதுவழியா வந்து அங்கேயே கருப்பு வளையம் கட்டும். ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவிக் காய வெச்சுப் போடுங்க. டார்ச் அடிச்சு ப்ளோயரைப் பாருங்க, கருப்புப் புள்ளி இருந்தா அது பூசணம்தான், ரூம் பூரா ஊதிட்டு இருக்கும். ஆள் வெச்சுக் கழட்டிக் கழுவணும், மேல ஸ்பிரே அடிச்சா போகாது.

பொதுவா எல்லாருக்கும் சொல்றது: சின்ன ரூமுக்குப் பெரிய ஏசி வாங்காதீங்க. பத்துக்குப் பத்து ரூம்ல ரெண்டு டன் மாட்டினா பத்து நிமிஷத்துல சில்லுன்னு ஆகி கம்ப்ரசர் நின்னுடும். காத்து குளிரும், ஈரம் போகாது. ஏசி ஈரத்தை எடுக்கணும்னா நிதானமா நிறைய நேரம் ஓடணும். அவுட்லெட் குழாய்லேருந்து ராத்திரி வாளி நிறையத் தண்ணி வந்தா ஏசி வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

—

சிங்கை நாணல் | மே 20, காலை 9.10

சிங்கப்பூரிலிருந்து. எங்களுக்கு மே, ஜூன் என்று இல்லை, பன்னிரண்டு மாதமும் இதே போராட்டம். 1998க்குப் பிறகு கட்டிய வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்ட்டர் என்று நாங்கள் சொல்லும் ஓர் அறை உண்டு. கெட்டி கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு. எல்லாரும் அதைச் சாமான் அறையாக வைத்திருப்போம். என் சூட்கேஸ்கள், மகளின் பரதநாட்டியச் சலங்கைத் தோல் எல்லாம் அங்கேதான் பூஞ்சை பிடித்தன.

ஈரம் உறிஞ்சும் டப்பா பற்றிச் சொல்கிறேன். தொங்கவிடும் பையும் கீழே வைக்கும் டப்பாவும் கால்சியம் குளோரைடு உப்புதான். மூடிய அலமாரிக்குள் நன்றாக வேலை செய்யும், திறந்த அறையில் வைத்தால் வீண். கடலையே இறைக்கிற கதை. உறிஞ்சிய நீர் கெட்டியான உப்புநீராகக் கீழே சேரும், அது துணியில் கொட்டினால் கறை போகாது. அதனால் பட்டுப்புடவைக்கு மேல் தொங்கவிடாதீர்கள். கரித்துண்டு, அரிசி, கல்லுப்பு எல்லாம் வைத்துப் பார்த்தேன், பெரிய பலன் இல்லை.

டிஹியூமிடிஃபையர் இயந்திரம் உண்மையிலேயே உதவுகிறது, ஆனால் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அது வெப்பத்தையும் வெளியே விடும், ஏசி இல்லாத அறையில் வயதானவர் படுத்திருக்கும்போது போடக் கூடாது.

யாழ் முற்றம், தோல் பொருளுக்கு: காய்ந்த துணியால் வெளியே வைத்துத் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். மிருதங்கத்தை டப்பாவில் போட முடியாது. அதை வாசித்தபடியே இருப்பதுதான் நல்ல வழி என்று மகளின் ஆசிரியர் சொல்வார். உறையில் போட்டு மாதக்கணக்கில் மூலையில் வைத்தால்தான் பிடிக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். விலை அதிகமில்லை. கையால் தொட்டு ஈரத்தை யாராலும் அளக்க முடியாது. உள்ளே 60க்குக் கீழே நிற்க வேண்டும். கடலோரத்தில் ஏசி இல்லாத அறையில் அது நடக்காது, அப்போது சுவரைக் குளிரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சமுள்ள வழி.

—

அலைவாய்க்கரை | மே 24, காலை 7.15

ஈரப்பதமானி வாங்கிட்டேன். கொரோனா காலத்துல நெத்தில காட்டிப் பார்ப்போமே, அந்தக் கருவியும் வீட்ல கிடந்தது. அதுல உடம்பு அளவுலேருந்து பொருள் அளவுக்கு மாத்துற பட்டன் இருக்கு. அதை வெச்சுச் சுவரைப் பார்த்தேன்.

மே 21, விடிகாலை அஞ்சு மணி, ஏசி 18ல இருந்தப்போ: அம்மா ரூம் 31 டிகிரி, ஈரப்பதம் 76. நடுச் சுவர்ல வெறுமையா இருக்கிற இடம் 28. பீரோ பின்னாடி இடுக்குல 25.5!

கொத்தனார் பேரன் தம்பி சொன்ன 26க்கும் கீழ. இதை அவர்கிட்ட காட்டினேன். எதுவும் பேசல. அன்னிக்கு ராத்திரியே தானா 24 வெச்சார்.

புடவைல பூத்திருந்தது முக்கால்வாசி போயிடுச்சு. முந்தானை ஓரம் ரெண்டு இடத்துல பழுப்புக் கறை இருக்கு, டிரை கிளீனிங் கொடுத்திருக்கோம்.

—

வடபழனிவாசி | மே 24, காலை 9.00

25.5ஆ! நான் சொன்னதைத் திருத்திக்கறேன்மா. எங்க வீட்லயும் பையன் ரூம்ல ஏசி, இந்தப் பக்கம் பூஜை அலமாரி. சுவாமி படங்களுக்குப் பின்னாடி கருப்பா இருந்ததை விளக்குப் புகைன்னே நினைச்சுட்டு இருந்தோம். இன்னிக்குப் படத்தை எடுத்துப் பார்த்தேன், புகை இல்ல. படத்துக்கும் சுவருக்கும் நடுவுல என்ன பண்ணலாம் தம்பி?

—

கொத்தனார் பேரன் | மே 24, இரவு 8.20

ஐயா, படத்தோட பின்பக்கம் நாலு மூலைலயும் பாட்டில் கார்க்கை வில்லையா நறுக்கி ஒட்டிடுங்க. அரை இஞ்ச் இடைவெளி கிடைச்சாலே காத்து ஓடும். அலமாரிக்கு ஒரு சாண் இடைவெளி. இரும்பு பீரோவா இருந்தா மரக்கட்டை மேல நிக்கட்டும், கீழேயும் காத்து போகும்.

துணி காயப் போடறதையும் பாருங்க. ஒரு மெஷின் துணில ரெண்டு லிட்டர் தண்ணியாவது இருக்கும், ரூமுக்குள்ள கொடி கட்டினா அவ்வளவும் காத்துல ஏறும். குளிச்சதும் பாத்ரூம் கதவைத் திறந்து போடாம, எக்ஸாஸ்ட்டை அரை மணி நேரம் ஓட விடுங்க.

—

அலைவாய்க்கரை | ஜூன் 20, இரவு 9.05

ஒரு மாசம் கழிச்சு எழுதுறேன். ஏசி இப்போ 26, கூட ஃபேன். பீரோவை எதிர்ச் சுவருக்கு மாத்தி ஒரு சாண் தள்ளி வெச்சிருக்கோம். நடுச் சுவரைச் சோப்புத் தண்ணில துடைச்சு, காய விட்டு, எமல்ஷனையும் பட்டியையும் சுரண்டிட்டு மூணு கை சுண்ணாம்பு அடிச்சாச்சு. சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடறதுதான் கஷ்டமா இருந்தது. கடைசில அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் வந்து, முந்தின நாளே நீத்து வெச்சு அடிச்சுக் கொடுத்தார்.

இன்னிக்கு விடிகாலை அளவு: ரூம் 31, ஈரப்பதம் 72, நடுச் சுவர் 29.5. ஒரு புள்ளிகூட இல்ல. காலைல பத்து மணிக்கு அம்மாவே "மேல்காத்து வந்துடுச்சு"ன்னு சொல்லி பீரோவைத் திறந்து விடறாங்க, பன்னிரண்டுக்கு மூடறாங்க.

புடவை வந்துடுச்சு. ஒரு கறை மங்கலா இருக்கு. அது உள் மடிப்புலதான் வரும், கட்டினா தெரியாதுன்னு அம்மா சொல்றாங்க. ஆவணில தம்பி பொண்ணுக்குக் கல்யாணம், அன்னிக்குக் கட்டிக்கப் போறாங்களாம். இப்போ அப்பா வேட்டில சுத்தி மேல் தட்டுல இருக்கு.

கொத்தனார் பேரன் தம்பி, ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பாத்ரூமை ஒட்டின பரண்ல ஒரு மூலைல ஈரம் தெரிஞ்சது. அங்கேயும் பாலிதீன் தாள் ஒட்டினேன். இந்தத் தடவை உள்பக்கம்தான் நனைஞ்சிருக்கு, ஓரத்துல பழுப்புக் கோடும் இருக்கு. பிளம்பர் வியாழக்கிழமை வரார். அவர்கிட்ட என்னென்ன கேட்கணும்னு சொல்றீங்களா?